கண்டாங்கியின் வயதை யாரிடம் கேட்பது?

காரைக்குடியில் எந்தச் சேலைக் கடையில் ஏறி உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "செட்டிநாட்டுக் கண்டாங்கிங்க. எரநூத்தம்பது வருசமா அப்படியே வருது. அதே கட்டம், அதே செவப்பு, அதே பட்டைக்கரை." வருசக் கணக்கு கடைக்குக் கடை மாறும். ஒருவர் நூற்றைம்பது என்பார், அடுத்தவர் முந்நூறுக்குப் போய்விடுவார். "அப்படியே" என்ற சொல் மட்டும் எந்தக் கடையிலும் மாறாது.

கடைக்காரர் அப்படிச் சொல்வதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் சேலை விற்க வேண்டும். ஆனால் ஆய்வேடு எழுதுகிறவர்கள், சுற்றுலாக் கையேடு தயாரிக்கிறவர்கள், கண்காட்சிக்கு விளக்க அட்டை எழுதுகிறவர்கள் எல்லோரும் அதே வாக்கியத்தை வாங்கி அச்சில் ஏற்றுகிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் மூன்று சாட்சிகளைக் காட்டுகிறார்கள்: பெட்டியில் கிடக்கும் பழைய துணி, வீட்டுப் பெரியவர்களின் நினைவு, சுவரில் தொங்கும் புகைப்படம். உடை வரலாற்றுக்கு இவை போதும் என்பது இன்று நிலைபெற்றுவிட்ட கருத்து. வியாபாரக் காகிதங்களைப் புரட்டினீர்களா என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். "அது விற்கிறவன் பேச்சு. அதை நம்பி வரலாறு எழுத முடியுமா?" என்கிறார்கள்.

முடியும் என்கிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால்தான் கடைக்காரரின் "அப்படியே"யில் போய் முட்டிக்கொண்டு நிற்போம்.

வியாபாரக் காகிதம் என்று நான் சொல்வது எவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மில்களின் விலைப்பட்டியல், பேலோடு ஒட்டி வந்த படலேபிள், சாயக் கம்பெனி கொடுத்த நிற அட்டை, ஜவுளிக்கடை பில் புத்தகம், மாதிரித் துணி ஒட்டிய நோட்டு, ஜவுளித் தொழிலுக்கென்றே வந்த இதழ்கள், வாரப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்கள், கல்யாணச் சீருக்கு வாங்கிய துணிக்கு வீட்டில் எழுதிய கணக்கு. செட்டிநாட்டில் இவற்றுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற குடும்பங்கள் கணக்கெழுதாமல் ஒரு காசு செலவழித்ததில்லை. ரங்கூன் கிட்டங்கியில் எழுதிய குறிப்பு கப்பலேறி ஊர் வந்து பேரேட்டில் உட்காரும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, சேலையின் வயதைச் சொல்ல ஆதாரம் இல்லை, வாய்மொழிதான் கதி என்கிறோம்.

அவர்களுடைய சாட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் துணி. "துணியே பேசும்" என்பார்கள். பேசும்தான். ஆனால் எந்தத் துணி பிழைத்திருக்கிறது? கண்டாங்கி அன்றாடம் கட்டிய பருத்திச் சேலை. கட்டிக் கிழிந்ததும் அது பிள்ளைக்குத் தூளியாகும். தூளி நைந்தால் அடுப்படித் துணியாகும். அதுவும் போனால் விளக்குத் திரியாகித் தன் கடைசி இழையையும் எரித்துவிட்டுத்தான் போகும். இரண்டாங்கட்டு அறையில், மரப்பெட்டியில், கற்பூரம் போட்டு மடித்து வைத்துத் தப்பியது கல்யாணப் பட்டு. ஆகவே பெட்டியை மட்டும் திறந்து எழுதுகிற வரலாறு, ஒரு பெண் வாழ்நாளில் நாலைந்து நாள் உடுத்தியதன் வரலாறு. மற்ற நாளெல்லாம் அவள் என்ன உடுத்தினாள் என்பதற்குப் பெட்டியில் பதில் இல்லை. துணிக்கடைக் கணக்கில் இருக்கிறது.

இரண்டாவது, நினைவு. இதைப் பற்றிக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. என் அப்பத்தா சொன்ன கதைகளில்தான் எனக்கு இந்த விஷயத்தில் பித்துப் பிடித்தது. ஆனால் அப்பத்தாவின் "அந்தக் காலத்துல"வுக்குத் தேதி கிடையாது. "சப்பான்காரன் குண்டு போட்டப்ப துணியே கெடைக்கல அப்பு, ரேசனு" என்பார். அது எந்த ஆண்டு, எவ்வளவு துணி, என்ன விலை என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. அதைச் சொல்லக் காகிதம் இருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. 1943இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மில் துணியின்மேலேயே விலையை முத்திரை குத்த வேண்டியதாயிற்று. அந்த முத்திரையுள்ள ஒரு முழத் துணி கிடைத்தாலும், அந்த ஆண்டுப் பில் ஒன்று கிடைத்தாலும், அப்பத்தாவின் நினைவுக்கு நாளும் கிழமையும் வந்து சேர்ந்துவிடும். பாட்டி சொன்னதைக் காகிதம் பொய்யாக்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் அதைச் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் அது பாட்டிக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

மூன்றாவது, புகைப்படம். 1919இல் பாரதியார் காரைக்குடி வந்தபோது இந்து மதாபிமான சங்கத்தாரோடு எடுத்த படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. அந்தக் கோட்டும் தலைப்பாகையும் நம் கண்ணில் பதிந்தவை. அந்தக் கோட்டுத் துணி என்ன நிறம்? மில் துணியா, கைத்தறியா? கெஜம் என்ன விலை? படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. உலகறிந்த ஒருவரின் படத்துக்கே இந்தக் கதி என்றால், முகப்பில் தொங்கும் பெயர் தெரியாத ஆச்சியின் படத்திலிருந்து சேலையின் சிவப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? கறுப்பு வெள்ளையில் சிவப்பும் கருப்பாகத்தான் விழும்.

சிவப்பு என்றதும் விவாதத்தின் நடுப்புள்ளிக்கு வந்துவிட்டோம். "அதே செவப்பு" என்கிறார்களே, எந்தச் சிவப்பு? தென்கடற்கரை மணலில் தோண்டியெடுத்த சாயவேரில் தோய்த்த சிவப்பு ஒன்று. 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். சில ஆண்டுகளில் அது பீப்பாய் பீப்பாயாகக் கீழை நாடுகளுக்கு வந்தது. மதுரைச் சாயப்பட்டறைகளில் வேர்ச் சிவப்பின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. இது இரண்டாவது சிவப்பு. 1901இல் இண்டான்திரீன் வகைச் சாயங்கள் வந்தன. 1912இல் நாப்தால் வந்தது. பருத்தியில் நின்று பளிச்சென்று பிடிக்கும் சிவப்பு அது. இந்தச் சிவப்புகள் ஒன்றல்ல. வேருக்கு ஊறப்போட்டுக் காயப்போட்டு நாள் கணக்காகும். மற்றதற்குக் கரைத்துத் தோய்த்தால் வேலை முடிந்தது. வெளுக்கும் விதம் வேறு, விலை வேறு, சாயமிட்டவர் கையின் பழக்கம் வேறு. நாப்தால் சிவப்பேறிய நூலில் நெய்த கண்டாங்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது ஆண்டுச் சிவப்பு என்று சொல்கிறோம் என்றால், நூறு ஆண்டு வேதியியலையும் சாயத்தொட்டியில் கை வெந்தவர்களையும் ஒரே சொல்லில் அழித்துவிடுகிறோம்.

ஒரு சேலையில் எந்தச் சாயம் இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். அந்தச் சாயம் இந்தப் பக்கத்துத் தறிகளுக்கு எந்தப் பத்தாண்டில் வந்தது, எந்த நிறத்தைத் தள்ளிவிட்டு எந்த நிறம் உள்ளே நுழைந்தது என்பதை ஆய்வுக்கூடம் சொல்லாது. சாயக் கம்பெனிகள் வியாபாரிகளுக்குக் கொடுத்த நிற அட்டைகள் சொல்லும். சாயம் தோய்த்த நூலைச் சிறு சிறு முடிச்சாக ஒட்டி, எண் போட்டு, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பொடி என்று பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்த அட்டைகள் அவை. ஐம்பது ஆண்டு கழித்துத் திறந்தாலும், வெயில் படாத அந்த நூலில் நிறம் அன்றிருந்தபடி இருக்கும். அருங்காட்சியகத்துச் சேலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"விற்கிறவன் பேச்சு" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இந்தியத் துணி வரலாறு எழுதும் எவரும் மேற்கோள் காட்டாமல் நகர முடியாத தொகுப்பு ஒன்று உண்டு. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் தொகுத்தது. 18 தொகுதிகள், 700 துணி மாதிரிகள். வேட்டி, சேலை, தலைப்பாகை, துண்டு என்று நாடெங்கும் வாங்கிய துணிகளை வெட்டி ஒட்டி, நீளம், அகலம், எடை, வாங்கிய இடம் என்று குறித்திருக்கிறார்கள். மொத்தம் 20 படிகள் செய்து, 13ஐ இங்கிலாந்தில் வைத்துக்கொண்டு 7ஐ இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இதை ஏன் செய்தார்கள்? கலை மேல் கொண்ட காதலால் இல்லை. இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள் என்று லங்காஷயர் மில் முதலாளிகள் தெரிந்துகொண்டு, அதேபோல் நெய்து இங்கேயே கொண்டுவந்து விற்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். பச்சையான வியாபாரக் காகிதம். நம் நெசவாளரின் சோற்றில் மண்ணைப் போடச் செய்த காகிதம் என்றுகூடச் சொல்வேன். அப்படியிருந்தும் இன்று அருங்காட்சியகங்கள் அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கின்றன. ஏன்? அதில் உள்ள அளவு சரியான அளவு. அளவு தப்பாக இருந்தால் மான்செஸ்டரில் நெய்த சேலை மதுரையில் விற்காது, நட்டம் அவர்களுக்கு.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். வியாபாரக் காகிதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாங்குகிறவரைப் பார்த்துப் பேசுவது. விளம்பரம், லேபிள், கடை நோட்டீசு. இதில் புளுகு இருக்கும், மறுக்கவில்லை. இன்னொன்று, வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. மொத்த விலைப்பட்டியல், நூல் கணக்கு, தொழில் இதழ், சரக்குச் சிட்டை. இதில் பொய் சொன்னால் எதிராளி அடுத்த முறை சரக்கு எடுக்க மாட்டான். 1866இலேயே லண்டனில் தொடங்கி 1972 வரை வந்த 'டெய்லர் அண்ட் கட்டர்' இதழும், 1910இல் நியூயார்க்கில் தொடங்கிய 'விமன்ஸ் வேர் டெய்லி'யும், 1890இல் பம்பாயில் தொடங்கிய 'இந்தியன் டெக்ஸ்டைல் ஜர்னல்' இதழும் இந்த இரண்டாவது வகை. தையற்காரர் தையற்காரருக்கு எழுதியவை, மில்காரர் மில்காரருக்கு எழுதியவை. மேல்நாட்டில் உடை வரலாறு எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கழுத்துப் பட்டை எந்த ஆண்டு எத்தனை அங்குலம் குறைந்தது என்பதைத் தையற்காரரைவிட நன்றாக யார் அறிவார்?

முதல் வகையின் புளுகும்கூட வரலாறுதான். ஒரு விளம்பரம் "சாயம் போகாது" என்று பெரிய எழுத்தில் சத்தியம் செய்கிறது என்றால், அந்த நாளில் சாயம் போய்க்கொண்டிருந்தது, பெண்கள் அதை நினைத்து அஞ்சினார்கள் என்று அர்த்தம். இதற்கு நேர் எதிராக, நம் 'மெட்ராஸ்' கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போனபோது 1960களில் அங்கே "சாயம் போவது நிச்சயம்" என்றே விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் துணியாகும் என்று சொல்லி விற்றார்கள். ஒரே பகுதியின் கட்டத் துணி, ஒரே குணம், ஓரிடத்தில் குற்றம், ஓரிடத்தில் பெருமை. இதை எந்தத் துணியைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

இன்னொரு மறுப்பும் சொல்வார்கள். இந்தக் காகிதமெல்லாம் படித்தவர்கள், பணக்காரர்கள், பட்டணத்தார் பற்றியவை. ஏழைகளின் உடுப்பு இதில் ஏறாது என்பார்கள். பேல் லேபிள்களைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மான்செஸ்டரிலிருந்து வந்த துணிக்கட்டுகளில் ஒட்டியிருந்த அந்த லேபிள்களில் எழுத்தைவிடப் படம் பெரிது. லட்சுமி, முருகன், யானை, புலி, கப்பல், தராசு. எழுத்துத் தெரியாதவர் கடைக்கு வந்து "அந்த யானைச் சீட்டுத் துணி குடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் படம். எந்தச் சேலை வரலாற்று நூலிலும் பெயர் வராத மனிதரைப் பார்த்து அச்சடித்த காகிதம் அது.

அந்த லேபிள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டால் வயிறு எரிகிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பீங்கான் பூசிய தூக்குவாளிகளுக்கும் சரிகைத் துணி ஒட்டிய ரவிவர்மா படங்களுக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்ட லேபிள் தொங்கும். அழகாகத்தான் இருக்கும். ஓட்டல் வரவேற்பறைச் சுவருக்குப் போகும். ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கட்டில் ஒட்டியிருந்தது, கூடவே கிடந்த பில் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ஜவுளிக் கணக்கு நோட்டு ஒன்றைக் கேட்டேன். மாதிரித் துணி ஒட்டியிருந்த பக்கங்களை மட்டும் அறுத்து எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து மட்டும் இருந்த பக்கங்களை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். துண்டுத் துணி எஞ்சியது. அதன் பெயர், விலை, தேதி, வாங்கியவர் எல்லாம் பொட்டலம் மடிக்கப் போய்விட்டன. இதைத்தான் "துணியே பேசும்" என்ற கொள்கை செய்கிறது.

தேதியில்லாத காகிதத்தை வைத்து என்ன செய்வது என்றும் கேட்பார்கள். தேதியில்லாத காகிதம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. படிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பில்லில் அணாக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. "ந.பை." என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. சேலையின் நீளம் கெஜத்தில் இருக்கிறதா, மீட்டரிலா? மீட்டர் என்றால் 1956 அளவைச் சட்டத்துக்குப் பின்னால், பெரும்பாலும் 1960களில்தான். ஊர்ப்பெயருக்குக் கீழே "ராமநாதபுரம் ஜில்லா" என்று இருந்தால் 1985க்கு முன். அந்த ஆண்டில்தான் சிவகங்கை தனி மாவட்டமானது. "சென்னை மாகாணமா", "தமிழ்நாடா" என்று பார்த்தால் 1969 என்ற கோடு தெரியும். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972க்குப் பின். பழைய லை, ணை, னை எழுத்துருக்கள் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த அச்சகமும் பழைய அச்சை ஒரே நாளில் தூக்கி எறியவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டெரிலின் என்ற சொல் வந்தால் 1941க்கு முன் போக வழியே இல்லை. அந்த இழையே அந்த ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மில் துணியில் கெஜ நீளம் முத்திரை குத்தியிருந்தால், அதைக் கட்டாயமாக்கிய 1889 சரக்கு முத்திரைச் சட்டத்துக்குப் பின். கல்வெட்டில் எழுத்தமைதி பார்த்துக் காலம் சொல்கிறோம். ஒரு ஜவுளிக்கடைப் பில்லுக்கு அதே மரியாதையைக் கொடுத்தால் அது பத்தாண்டு பிசகாமல் வயது சொல்லும்.

வீடுகளில் இன்னொரு புதையல் கிடக்கிறது. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதையைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது அப்படித் தைத்து வைத்த பைண்டிங்குகள் இன்றும் பல வீடுகளில் உண்டு. எல்லோரும் வந்தியத்தேவனைத் தேடிப் புரட்டுகிறார்கள். கதைப் பக்கத்தின் முதுகில், கதையை ஒட்டிய பத்தியில், பாதி வெட்டுப்பட்டு நிற்கும் விளம்பரங்களைப் பாருங்கள் என்கிறேன். வாரம் தெரிந்த விளம்பரங்கள் அவை. எந்த வாரம் எந்தச் சேலைக்கு என்ன பெயர் வைத்தார்கள், மாதிரிப் படத்திலிருந்த பெண் ரவிக்கையின் கையை எவ்வளவு நீளம் வைத்திருந்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நூலகங்களில் இந்த நல்வாய்ப்பும் இல்லை. பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. காரைக்குடியிலேயே ராய. சொக்கலிங்கம் நடத்திய 'ஊழியன்', சொ. முருகப்பா நடத்திய 'குமரன்' இருந்தன. புதுமைப்பித்தன் சிறிது காலம் வேலை பார்த்த பத்திரிகை என்று ஊழியனை இலக்கியக்காரர்கள் தேடிப் போகிறார்கள், நல்லது. விளம்பரத்துக்காக அந்த ஏடுகளைத் தேடிப் போன உடை ஆராய்ச்சியாளர் ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள்.

மற்ற துறைகளில் தமிழர்கள் இந்தத் தயக்கத்தைத் தாண்டி வெகுநாளாயிற்று. நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒதுக்கியிருந்தால் நம் சினிமா வரலாறு உருவாகியிருக்காது. ஆ. இரா. வேங்கடாசலபதி தமிழ்நாட்டில் காப்பி நுழைந்த கதையை எழுதியபோது, அது நம் ஆதி பானம் என்ற நினைப்பே கலைந்து போயிற்று. காப்பிக்குச் செய்ததைக் கண்டாங்கிக்குச் செய்ய என்ன தடை?

கடைசியாக, அவர்கள் சொல்வதிலேயே கனமான மறுப்பு ஒன்று உண்டு. நெசவாளர் காகிதம் விட்டுப் போகவில்லை. வியாபாரியின் காகிதத்தை நம்பினால் நெசவாளர் மறைந்துபோவார் என்பது. அதில் உண்மை இருக்கிறது. பில்லில் கடைக்காரர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது. அந்த அநியாயத்தை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் நூல் எத்தனையாம் நம்பர், பாவு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளில் இருக்கிறது. 1929இல் வெளிவந்த நாராயண ராவின் குடிசைத் தொழில் ஆய்வறிக்கையும், 1942இல் வந்த கைத்தறி, மில் பற்றிய உண்மையறியும் குழு அறிக்கையும் தறிக்காரரின் நூல் கடனையும் கூலியையும் பேசுகின்றன. ஜப்பானிய அறிஞர் ஹருக்கா யானகிசாவா, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதராஸ் மாகாணத்துக் கைத்தறிச் சந்தையை ஆராய்ந்து 1993இல் எழுதினார். உடுத்துகிறவர்களின் விருப்பம் மாற மாற, தறிகளும் எப்படி மாறின என்பதை அவருடைய கட்டுரையில் பார்க்கலாம்.

நெசவாளரை உண்மையில் மறையச் செய்வது "அப்படியே வருது" என்ற பேச்சுதான். கணுக்காலுக்கு மேல் நின்ற சேலை கீழே இறங்கியபோது அகலத்தைக் கூட்டியது யார்? கொலுசு தெரியக் கட்டிய ஆச்சிமார் காலம் போய், ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்த காலம் வந்தபோது துணியின் கனத்தைக் குறைத்தது யார்? கரையின் பட்டையைச் சுருக்கியும் விரித்தும் பார்த்தது, வேர்ச் சிவப்பிலிருந்து பொடிச் சிவப்புக்கு மாறியது, சண்டைக்காலத்தில் நூல் கிடைக்காமல் தறியை நிறுத்தி மறுபடி தொடங்கியது, டில்லிக் கடைக்காரர் கேட்ட நிறத்தை இரண்டு வாரத்தில் நெய்து கொடுத்தது எல்லாம் யார்? யோசித்து, கணக்குப் போட்டு, துணிந்து மாற்றியவர்கள் இந்தத் தறிக்காரர்கள். அவர்களைப் பார்த்து "நீங்கள் எதையும் மாற்றவில்லை, தாத்தா சொன்னதை நெய்தீர்கள்" என்று சொல்வது பாராட்டா? அவர்களுடைய மூளைக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் கருதுகிறேன். அவர்கள் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டக்கூடிய தடயம் சந்தையின் காகிதத்தில்தான் இருக்கிறது.

கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். அந்தக் குறியீட்டுக்கான விண்ணப்பத்தில் தோற்றத்துக்குச் சான்றாக வரலாற்று ஆவணங்கள் கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அரசே காகிதம் கேட்கிறது. நாளைக்கு வேறு ஊரில் விசைத்தறியில் அடித்த துணியைச் செட்டிநாடு காட்டன் என்று ஒருவர் விற்று, வழக்கு நீதிமன்றம் போனால், அங்கே அப்பத்தாவின் கதையை மட்டும் வைத்து வாதாட முடியாது. எந்த ஆண்டில் எந்த அளவில் எந்தக் கட்டத்தில் இங்கே நெய்தார்கள் என்று காட்ட ஒரு பழைய விலைப்பட்டியல் தேவைப்படும்.

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் இதை எப்போதோ புரிந்துகொண்டார். ரோஜா முத்தையா. நூல்கள் மட்டும் ஏறத்தாழ 50,000 சேர்த்தார். அதோடு நிற்காமல் இதழ்கள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள், துண்டறிக்கைகள் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் வீடு நிறையச் சேர்த்து, பூச்சி அரிக்காமல் காத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்ச் சமூகத்தின் எந்த மூலையைப் பற்றி எழுதுகிறவரும் அந்த வாசலில் போய் நிற்கிறார். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாக இதைச் செய்ய முடிந்தது என்றால், ஆயிரம் ஜன்னல் வீடுகளைக் காட்டிப் பெருமைப்படும் நம்மால் ஊருக்கு ஓர் அலமாரியாவது வைக்க முடியாதா?

ஆகவே, வளவு வீட்டைப் பிரிக்கப் போகிறவர்களுக்கும், பாகம் பிரித்துப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையது. அதில் செருகியிருக்கும் கடைச் சீட்டைப் பிய்த்து எறியாதீர்கள். கணக்கு நோட்டைத் துண்டு போடாமல் முழுதாக வையுங்கள். எந்த அறையில், எந்தப் பெட்டியில் கிடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் நூலகத்துக்குக் கொடுங்கள். சேலையை எடுத்தபின் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பழைய பேப்பரையும் கசக்கிவிடாதீர்கள். அதன் மேல் மூலையில் தேதி இருக்கும்.